காகம் தேய்த்த கண்ணாடி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. அதன் பிறகு நான் அதிகம் எழுதியது சங்கக்கடைப் பதிவுக் கொப்பியில் என் பெயரைத்தான். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும். மறதியும் சேர்ந்துவிட்டது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் நான். தாளுக்கு முன்னால் வெட்கம் கொஞ்சம் குறைவு, தாள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காதே.

சண்டைக் காலம். நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்தில் இருந்தோம். கரண்ட் இல்லை. அக்கரையிலிருந்து வரும் சாமான் எல்லாம் சோதனைச்சாவடியில் கிளறிப் பார்த்த பிறகுதான் தோணி ஏறும். லாம்புச் சிமினி, சுடரை மூடுகிற கண்ணாடிக் குழாய், வருவதே இல்லை. தப்பித் தவறி வந்தாலும் தோணியிலேயே உடைந்துவிடும். ஆகவே நானும் மச்சாளும் வெறும் போத்தல்களில் சிமினி செய்து கொடுத்தோம். மச்சாள் என்றால் என் புருஷனின் தங்கை. அவள் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் பகல் முழுக்க அவள் வாய் என் பக்கம் வந்துகொண்டே இருக்கும். எனக்கு வாய் இல்லாத குறையை அவள் தீர்த்து வைத்தாள்.

சிமினி செய்வது பெரிய வித்தையில்லை. கம்பியை வளையமாக வளைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, போத்தலில் மாட்டி, ஈரத் துணியால் ஒரு தொடுகை. டக்கென்று அடி கழன்று விழும். வித்தை அதற்குப் பிறகுதான். வெட்டின விளிம்பில் எள்ளளவு செதில் பெயர்ந்திருந்தாலும் போதும். லாம்பு ஏற்றிச் சூடேறியதும் அந்தச் செதிலில் இருந்து ஒரு கோடு ஓடி, சிமினி இரண்டாகிவிடும். அதனால் விளிம்பைத் தட்டைக் கருங்கல்லில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு மச்சாள் சரிவர மாட்டாள். அவள் தேய்த்தால் தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கும். தேய்ப்பது என் வேலை, விற்பது அவள் வேலை. கண்ணாடி மிகவும் ரோசக்காரச் சாமான். அதற்குத் தெரிகிற மாதிரித் தேய்த்தால் உடைந்து காட்டும். தன்னைத் தேய்க்கிறார்கள் என்றே தெரியாத மாதிரி, துளித்துளியாக எடுத்தால் ஒன்றும் சொல்லாது. வெட்கம் பிடித்த ஆள் என்பதால் அதன் குணம் எனக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

இனி மாமா. மச்சாளின் தகப்பன், அதாவது என் மாமனார், அவளோடு இருந்தார். வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் கதவு திறந்தால், சடங்கு முடியும் வரை அம்மன் கதையை ஏட்டில் பார்த்து இராகத்தோடு வாசிக்க வேண்டும். அந்த உரிமை எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் வம்சத்துக்கு. எங்கள் குடியில் அதை வாசிக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அவருக்கோ இடக்கண் எப்போதோ போய்விட்டது. வலக்கண்ணில் விழுந்த பூவை ஆஸ்பத்திரியில் வெட்டி, சோடாப் போத்தல் அடி மாதிரி மொத்தமான கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றினால் அவருக்கு மனிசரும் பனைமரமும் ஒன்று.

கதவு திறக்க ஆறு நாள் இருந்தது. சடங்குக்குப் புதிதாகச் சிமினி கேட்டுப் பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். கம்பி காய்ச்ச நெருப்பு இல்லை. நெருப்புப்பெட்டி முடிந்து இரண்டு நாள். சாதாரண நாளென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கொள்ளி வாங்கலாம். வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் பகுதியில் அம்மன் பேரைச் சொல்லி ஒரு வீட்டு நெருப்பை மற்ற வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். மச்சாளின் அடுப்பும் என் அடுப்பும் நூர்ந்து, சாம்பலாகிக் கிடந்தன. என் புருஷன் வட்டையில், வயல் வேலையில் இருந்தார். மாமா மத்தியானப் பழஞ்சோற்றுக்குப் பிறகு பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் கண்ணாடி.

"மச்சாள், இதக் கொண்டு வெயில்ல பிடிச்சா பத்தும்கா," என்றாள் அவள். அவளுக்கும் நான் மச்சாள்தான்.

"வேணா. மாமா ஒழும்பிருவார்."

"அவர் ஒழும்ப முதல் சோறும் ஆக்கிரலாம். பிடிகா, உன்ட கைதான் நடுங்காது."

என்னைப் புகழ்ந்தால் நான் எதையும் செய்வேன் என்பது அவளுக்குத் தெரியும். போத்தல் தேய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, தேங்காய்த் தும்புக்கு மேலே கண்ணாடியைப் பிடித்தேன். வெயில் ஒரு பொட்டாகக் குறுகி, தும்பு புகைந்து, சட்டென்று பற்றியது.

"பத்திட்டு! பத்திட்டுகா!" என்று துள்ளிய மச்சாள் என் முதுகில் ஒரு அடி போட்டாள். கண்ணாடி கையை விட்டுக் கல்லில் விழுந்தது. வலப்பக்கத்து வில்லை சரிபாதியாகப் பிளந்தது.

அடி போடவில்லை, தொட்டதுதான் என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள்.

நாங்கள் இருவரும் எரிகிற தும்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் கம்பியைக் காய்ச்சக்கூட மறந்துவிட்டோம். உள்ளே குறட்டை நின்றது.

"என்ட கண்ணாடி எங்க?"

நான் தூணாகிவிட்டேன். மச்சாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"காகம் தூக்கிட்டுப் போய்ட்டு அப்பா."

"காகமா? காகத்துக்கு என்னத்துக்குக் கண்ணாடி?"

"மினுங்கிற சாமான காகம் விடுமா? போன கிழம கரண்டியத் தூக்கல்லையா?"

மாமா வாசலுக்கு வந்து, நான் நிற்கும் திசை என்று நினைத்து வேலிப் பூவரசைப் பார்த்துக் கேட்டார். "புள்ள, நீ கண்டயா?"

மச்சாள் பொய் சொன்னால் ஊர் நம்பாது. நான் சொன்னால் நம்பும். அதுவரை நான் சொன்னதே இல்லையே.

"ஓம் மாமா," என்றேன். ஒரு பொய் சொன்னால் அதோடு நிற்பதில்லை போலிருக்கிறது. "புளிய மரத்துப் பக்கம் போன," என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து மாமா காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்தினார். அதுவரை தான் உண்ணுமுன் ஒரு பிடி காகத்துக்கு வைப்பார். செத்துப்போனவர்கள் வந்து உண்பார்கள் என்பது நம்பிக்கை. "கள்ளச் சாதிக்குச் சோறில்ல!" என்று வேலிப் பக்கம் கையை ஓங்கினார். காகங்கள் வரிசையாக இருந்து கத்தின. செய்யாத களவுக்கு அவை பட்டினி. அதோடு என் மாமியாரும், அவவுடைய தாயும், முன்னோர் எல்லோரும் பட்டினி. என் குசினிக்குப் பின்னால் நான் இரகசியமாக இரண்டு பிடி வைத்தேன். எல்லாக் காகமும் என் பக்கம் வந்துவிட்டன.

செய்தி ஊரெல்லாம் பரவியது. அன்று பின்னேரமே, ஏடு வாசிக்கும் உரிமைக்குக் காத்திருந்த மற்றக் குடியின் பெரியவர் துக்கம் விசாரிக்க வந்தார். அவருக்குக் கண் கழுகுக்கண். குரல் மட்டும் மணலில் தோணி இழுக்கிற மாதிரி.

"கேள்விப்பட்டன் மச்சான். காகமாம்... என்ன காலமிது. நீ ஒண்டுக்கும் யோசியாத. ஏட்ட நான் பாத்துக்கிறன்."

"ஏட்ட அம்மன் பாத்துக்குவா. நீ உன்ட தொண்டயப் பாரு," என்றார் மாமா.

அவர் போன பிறகு, கதை முழுக்க மனப்பாடம்தானே, பார்க்காமல் சொன்னால் என்ன என்று மச்சாள் மாமாவிடம் கேட்டாள்.

"வாயில இரிந்து வந்தா அது மனிசன் கத. ஏட்டில இரிந்து வந்தாத்தான் அம்மன்ட கத. இண்டைக்கு ஒரு நாள் அவன் அந்த மணையில இரிந்தா, மறுகா எங்கட குடி அதில இரிக்க ஏலா."

சொல்லிவிட்டு மடியில் கண்ணாடியைத் தடவித் தேடினார். இல்லை என்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். நான் பொட்டால் என் வளவுக்குப் போய் நின்று அழுதேன். மச்சாளும் வந்தாள். அழத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "நாளைக்கு வெள்ளன தோணி இரிக்கி. கல்லடிக்குப் போவம்," என்றாள்.

அக்கரைக் கல்லடியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் ஒருவர் மணிக்கூடும் மூக்குக்கண்ணாடியும் திருத்தினார். விற்க மிச்சமிருந்த சிமினிகள் மச்சாளின் பன்பையில். உடைந்த இரண்டு பாதியும் சட்டமும் என் சீலைத் தலைப்பில். அவர் பாதித் துண்டை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு லாச்சியை இழுத்து, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, ஒரு வில்லையை எடுத்தார். எங்கள் கண்ணாடியைவிட அது பெரிய வட்டம்.

"இதுதான் சரியான பவர். ஒண்டே ஒண்டுதான் கிடக்கு. ஆனா விளிம்ப வெட்டி உங்கட சட்டத்துக்கு இறக்க வேணும். மெசின் கரண்ட்ல ஓடுறது."

"கரண்ட் எப்ப ஐயா வரும்?" என்றாள் மச்சாள்.

"அது எனக்கிட்டயா கேக்கிறது? நேத்து ஒண்டக் கையால தேச்சுப் பாத்தன்." மேசையில் ஒரு வில்லையைக் காட்டினார். விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. நடுவே ஒரு வெடிப்பு.

மச்சாள் பன்பையிலிருந்து ஒரு சிமினியை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் பெருவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். மறுபடி ஒரு சுற்று. பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆர் தேச்ச?"

நான் கதவுக்குப் பின்னால் போக இடம் பார்த்தேன். மச்சாள் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அதுவும் அவள் கணக்கில் தொட்டதுதான்.

"வாய் பேசாது ஐயா. கை மட்டும் பேசும்."

அவர் சட்டத்தை வில்லையில் வைத்து மையால் கோடு கீறித் தந்தார். "தங்கச்சி, இது போத்தல் மாதிரியில்ல. நடு மொத்தம், விளிம்பு மெல்லிசு. கோபிச்சா விளிம்பிலதான் கோபிக்கும்," என்றார். கூலியாக நாலு சிமினியை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் இருட்டுத்தானே. மிச்சத்தை விற்று மச்சாள் நெருப்புப்பெட்டி வாங்கினாள்.

திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் என் தலைப்பு முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். ஆமிக்காரப் பெடியன் வில்லையை எடுத்துக் கண்ணில் வைத்து, பக்கத்தில் நின்றவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவன் பறித்துத் தன் கண்ணில் வைத்தான். மூன்றாவது ஒருவன் தூரத்தில் நின்று எறி என்று கை காட்டினான். எறியக் கை ஓங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களம் இரண்டே சொல், ஐயா என்பதும் வேண்டாம் என்பதும்.

"எப்பா! மாத்தயா, எப்பா!"

தோணித்துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அந்தப் பெடியன் பயந்துபோய், இரண்டு கையாலும் கோயில் பிரசாதம் தருகிற மாதிரி வில்லையைத் தந்தான். தோணியில் ஏறிய பிறகு மச்சாள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "உனக்குத் தொண்ட இரிக்கிகா," என்றாள்.

அதன் பிறகு நாலு நாள். வெள்ளனத்தில், காற்று எழும்ப முன்னம், வாவிக் கரையில் சட்டியோடும் தேய்க்கும் கல்லோடும் குந்துவேன். முதலில் மணலைப் பிரித்தேன். அதைக் கூவைக்கிழங்கு மா எடுக்கிற மாதிரிச் செய்தேன். வாவி மணலைச் சட்டியில் கலக்கி, பருமணல் அடியில் தங்க விட்டு, கலங்கல் தண்ணீரை மற்றச் சட்டியில் ஊற்றி, அதில் தங்குவதைத் தனியாக எடுத்தேன். அதையும் கலக்கி, அதன் கலங்கலை மூன்றாவது சட்டியில் ஊற்றினேன். கடைசிச் சட்டியின் அடியில் தங்கியது விரலுக்கு மா மாதிரி இருந்தது. பருமணலால் கோட்டுக்குக் கிட்ட வரைக்கும், அடுத்ததால் கோடு வரைக்கும், மாவால் மினுக்கம் வரைக்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேதான். காய்ந்தால் சூடேறும், சூடேறினால் கோபிக்கும்.

காதால்தான் தேய்த்தேன். சர்ர் என்று பாய் சுருட்டுகிற சத்தம் வந்தால் சரி. கிரிச் என்றால் ஆபத்து. அக்கரை முகாமிலிருந்து எங்கோ ஷெல் அடிக்கிற நாட்கள் அவை. டும் என்றால் கொஞ்சத்தில் நிலம் ஒரு நடுக்கம் நடுங்கும். ஊருக்கு அதில் வேறு பயம். எனக்குக் கல்லும் சேர்ந்து ஆடுமே என்ற பயம். டும் கேட்டதும் கையைத் தூக்கிவிடப் பழகினேன்.

மூன்றாம் நாள், மச்சாள் தேத்தண்ணியோடு வந்து, "முடிஞ்சா?" என்று கேட்ட அதே நேரம் டும் கேட்டது. அவளுக்குப் பதில் சொல்வதா, கையைத் தூக்குவதா என்று நான் ஒரு கணம் தடுமாறினேன். கிரிச்.

விளிம்பில் எள்ளளவு செதில்.

மச்சாள் தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டாள். பதற்றத்தில் அவள் எதையாவது விழுங்குவாள். நான் வில்லையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தேன். செதிலை அப்படியே விட்டால் சட்டத்துக்குள் அமுக்கும்போது வெடிப்பு நடுவுக்கு ஓடும். தேய்த்து எடுத்தால் வில்லை சிறுத்துச் சட்டத்தை விட்டுக் கழன்று விழும். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நான் அதுவரை உள்ளிருந்து வெளியே இழுத்துத் தேய்த்திருக்கிறேன். அப்படி இழுத்தால் மெல்லிய விளிம்பை இழுத்துக்கொண்டுதான் மணல் போகும். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால்? விளிம்புக்கு முதுகில் சாய்ந்துகொள்ள முழு வில்லையும் இருக்கிறது. அப்படித் தள்ளித் தள்ளி, மா மணலால் மட்டும், இரண்டு நாள் சுற்றிச் சுற்றி எடுத்தேன். செதில் போனது. இன்னொன்று வரவில்லை. விளிம்பு மச்சாளின் கன்னத்தைவிட வழவழப்பாக இருந்தது. அவளிடமே சொன்னேன், அவள் இரண்டு மணித்தியாலம் என்னோடு பேசவில்லை.

ஆனால் வில்லை நூலளவு சிறுத்துவிட்டது. நூலளவுக்கு நூல்தானே மருந்து. மீன் வலையில் ஒரு இழை நைலோன் நூலை உருவி, சட்டத்தின் குழியில் சுற்றி வைத்து, சட்டத்தைச் சுடுதண்ணீரில் காட்டி இளக்கி, வில்லையை உள்ளே அமுக்கினேன். டக். இந்த டக் நல்ல டக். ஒரு குறை, வலை நூல் பச்சை. கண்ணாடியைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடியது.

கதவு திறக்கிற அன்று காலை மச்சாள் ஓடி வந்து, தகப்பனுக்குக் கேட்கக் கத்தினாள். "அப்பா! காகம் போட்டுட்டு! புளிய மரத்தடியில கிடந்த!"

மாமா கண்ணாடியை வாங்கித் தடவினார். நெடுநேரம் தடவினார். மாட்டினார். மச்சாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலியில் இருந்த காகத்தைப் பார்த்தார். "ம்," என்றார். அவ்வளவுதான்.

பொழுது படுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டிய காலம் என்பதால் வாசிப்பைப் பின்னேரமே தொடங்கினார்கள். மணையில் மாமா. எதிரே மற்றக் குடியின் பெரியவர், கையைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமித் தயார்படுத்திக்கொண்டு. எல்லோரும் அம்மன் கதை கேட்டார்கள். நான் வலப்பக்கத்து வில்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மேல் இராகத்துக்குப் போகும்போது தலையை உலுக்குவார். ஒவ்வொரு உலுக்கலுக்கும் என் உயிர் சட்டத்துக்கு வெளியே போய் வந்தது. நடுவில் அவர் வாசிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே இருந்தவர் முன்னால் நகர்ந்தார். மச்சாள் என் தொடையைக் கிள்ளினாள். மாமா சால்வையால் வியர்வையைத் துடைத்து, மறுபடி மாட்டி, விட்ட சொல்லிலிருந்து தொடங்கினார். அன்றைய பங்கு முடியும் வரை ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. எதிரே இருந்தவர் திருநீற்றை வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்காமலே போனார்.

மறுநாள் மத்தியானம் மாமா சோற்றில் ஒரு பிடி உருட்டி, வேலிப் பொட்டடியில் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, இதக் காகத்துக்கு வை."

நான் வாங்கினேன்.

"முந்தி எழுத்துக்கு நடுவால ஒரு கீறல் ஓடும். பழைய கீறல். இப்ப அதக் காணல்ல. காகம் கீறலத் திண்டுட்டா?"

எனக்கு நிலம் விலகாதா என்றிருந்தது. வேலிக்கு அங்கால் மச்சாள் மூச்சுப் பிடித்து நிற்பது தெரிந்தது.

"பச்ச நூலும் கட்டியிரிக்கி. கெட்டிக்காரக் காகம்." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணாடிக்குள் மட்டும் கண் பெரிதாக மினுங்கியது. "கண்ணாடி இல்லாட்டியும் எனக்குக் காது கேக்கும் புள்ள. 'பத்திட்டு' எண்ட சத்தத்திலதான் அண்டைக்கு ஒழும்பினன். நான் சோத்த நிப்பாட்டின உடன காகமெல்லாம் உன்ட குசினிக்குப் பின்னால கத்தின. களவெடுத்த காகத்துக்கு நீ என்னத்துக்குச் சோறு போட்ட எண்டு அண்டைக்கே யோசிச்சன்."

"மாமா..."

"ஒண்டும் சொல்லாத. நல்லாத் தேச்சிரிக்கி. அந்தக் காகத்துக்கிட்டச் சொல்லு, இனி நெருப்பு வேணுமெண்டா என்னை எழுப்பிக் கேக்கட்டாம்."

வேலிக்கு அங்கால் மச்சாள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

எழுதியதை வாசித்துப் பார்த்தால் எனக்கே சில இடம் ஐயமாக இருக்கிறது. கதவு திறக்க ஆறு நாள் இருந்ததா, ஏழா? பறங்கியர் எடுத்தது நாலு சிமினியா, ஐந்தா? அந்த வைகாசியில் கோயிலில் இருந்த யாராவது இதைப் பார்த்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மச்சாளிடமும் கேட்கலாம், அவள் இன்றும் வேலிக்கு அங்கால்தான் இருக்கிறாள், எனக்கு மறந்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. முதுகில் போட்டது அடியா, தொட்டதா என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம். அதில் திருத்த ஒன்றுமில்லை.